செலவுக் கணக்கை ஏற்றினேன், வெட்டிய கடன் திரும்பியது

மகள் அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வெளியிலிருந்து 3,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. பாயசம் சாப்பிட்டு முடிப்பதற்குள், படிக்கும்வரை வட்டி ஏறாத ஃபெடரல் (அமெரிக்க அரசு) கடனில் அதே 3,000 டாலரைக் கல்லூரி வெட்டிவிட்டது. கல்லூரி போடும் மொத்தச் செலவுக் கணக்கில் குடும்பப் பங்கு போக மிச்சம் எவ்வளவோ, வெளி ஸ்காலர்ஷிப்பையும் சேர்த்து அதைத் தாண்டி அந்த வகை உதவி தர முடியாதாம்.

சரி, அந்தக் கணக்கே சரியா என்று பார்த்தேன். வாடகைக்கு மாதம் 850 டாலர் போட்டிருந்தார்கள். அவள் கொடுப்பது 1,180. ஒன்பது மாதத்துக்கு 2,970 டாலர் உதைக்கிறது! நிதியுதவி அலுவலகத்தில் கேட்டால் இதைத் திருத்த ஒரு படிவம் தருகிறார்கள். யாரும் தானாகச் சொல்வதில்லை.

முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து 3,540 என்றுதான் இருந்தது. அவள் பங்கு தனியாகத் தெரிய, மூன்று மாத வங்கிக் கணக்கில் வாடகை போன வரிகளை மஞ்சள் மையால் கோடிட்டு இணைத்தேன். பழைய லேப்டாப் செத்ததால் வாங்கிய புதியதன் 1,100 டாலர் ரசீதையும் வைத்தேன். கார் தவணையையும் சேர்த்துப் பார்த்தேன், அது எடுபடவில்லை. பெட்ரோல் செலவைச் சேர்க்கலாம், கார் வாங்கும் செலவைச் சேர்க்க முடியாது.

இரண்டு வாரத்தில் கணக்கு 4,070 டாலர் உயர்ந்தது, வெட்டிய கடன் முழுதாகத் திரும்பியது. இலவசப் பணம் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.