தெருவுல சாமுராய் படம்: விசிலையும் அமைதியையும் கணக்கெடுப்பது எப்படி

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மன்றமோ நூலகமோ நடத்துபவர்கள் வெளிநாட்டுப் படம் போட்டால் கடைசியில் கிடைப்பது ஒரே பதில்தான்: "நல்லா இருந்துச்சு." இந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. படம் ஓடும்போது கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே 'உச்' கொட்டியது, எங்கே போனை எடுத்தது என்று குறித்து வைத்தால்தான் எதிர்வினை கைக்கு வரும். அதையும் படத்துக்கு வந்தது, கொசுவுக்கு வந்தது, கோணலாக ஓடிய தமிழ் வசன எழுத்துக்கு (சப்டைட்டிலுக்கு) வந்தது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

எந்தப் படம்

ஜப்பானின் யோஜி யமாடா இயக்கி 2002-ல் வந்த 'தி ட்வைலைட் சாமுராய்' இதற்குப் பொருத்தம். ஓடும் நேரம் 129 நிமிடம். மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்த கீழ்மட்ட சாமுராய் செய்பெய், இரண்டு மகள்களையும் நினைவு தப்பிய தாயையும் பார்த்துக்கொள்ள, வேலை முடிந்ததும் பொழுது சாய வீட்டுக்கு ஓடுகிறான். கூட வேலை செய்பவர்கள் அதையே பட்டப்பெயராக்கிக் கிண்டல் செய்கிறார்கள். இரவில் பூச்சிக்கூண்டு செய்து விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது. பூக்கட்டியும் இறால் உரித்தும் குடும்பத்தைத் தாங்குகிற தெருவில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விசில் மட்டும் போதும் என்றால் தகாஷி மீகேயின் '13 அசாசின்ஸ்' (2010) இருக்கிறது. கடைசி முக்கால் மணி நேரமும் சண்டைதான். ஆனால் அதிலுள்ள சில காட்சிகள் குழந்தைகள் உட்காரும் தெருவுக்கு ஆகாது.

எந்தப் படமானாலும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது.

போஸ்டரில் உருவிய கத்தியைப் போடாதீர்கள். இந்தப் படத்தில் முதல் சண்டை வர நேரமாகும். "இன்னாப்பா, கத்தியே எடுக்க மாட்றான்?" என்று பையன்கள் எழுந்து போனால் அது உங்கள் போஸ்டர் வாங்கித் தந்த எதிர்வினை.

நாளும் நேரமும்

கடலோரப் பகுதிக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்ற மாதங்களில் விடியற்காலை ஏலத்துக்கு எழுபவர்கள் ராத்திரி 9 மணிக்கே கண் சொருகுவார்கள். அதைச் சலிப்பு என்று குறித்துவிடுவீர்கள். ஐபிஎல்லில் சென்னை ஆடும் நாளைத் தொடவே வேண்டாம்.

மே மாதம் ஆறரைக்குப் பொழுது சாய்கிறது. 7:15-க்குப் படம், நடுவில் 8 நிமிட இடைவேளை என்றால் 9:32-க்கு முடியும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பேச்சுக்கு 28 நிமிடம் மிஞ்சும், அது போதும்.

திரை, ஒலி, எழுத்து

8 அடி அகலத் திரைக்கு 3000 லூமென்ஸ் வெளிச்சமுள்ள புரொஜெக்டர் வேண்டும். பெரும்பாலான மாடல்களுக்கு 12 அடி தூரம் சரியாக வரும். வேட்டித் துணியில் வெளிச்சம் பின்னால் போய்விடும். இந்தப் படத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் காட்சிகள் ஏராளம், எல்லாம் கருப்பாகத் தெரியும். பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கம் மேல். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் என்பதால் திரையின் முகம் வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். கீழ் மடிப்பில் பிவிசி பைப் ஒன்றைச் செருகிக் கட்டினால் படபடக்காது. எதிரே தெருவிளக்கு இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

பேச்சு மெதுவாகவும் கத்தி மோதல் சத்தமாகவும் இருக்கும். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளின் ஒலி அமைப்பில் கம்ப்ரஸரைப் போட்டால் இரண்டும் நெருங்கி வரும்.

அதிகம் சொதப்புவது தமிழ் எழுத்துதான். வசனக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் கட்டம் கட்டமாக வரும். பழைய டிவி பெட்டிகளில் 'கொ', 'கோ' உடைந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். அதனால் முந்தைய நாளே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுங்கள். இதற்கும் உரிமையாளர் சம்மதம் தேவை. வரிக்கு ஐந்தாறு சொல், மொத்தம் இரண்டு வரி, அதற்கு மேல் போனால் வாசித்து முடிப்பதற்குள் முகபாவம் போய்விடும். எழுத்து பேச்சுக்கு முந்திப் பிந்தி ஓடினால், பதிப்பதற்கு முன்பே விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளால் எவ்வளவு விலகல் என்று பார்த்துத் திருத்துங்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு கண்ணி உண்டு. செய்பெய்யின் சம்பளம் 50 'கொகு' அரிசி. அதைக் 'கொக்கு' என்று எழுதினால் தெரு முழுக்கச் சிரிக்கும். ஒரு கொகு என்பது ஏறக்குறைய 150 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டை இரண்டு. சரி, மூட்டையிலேயே சொல்லலாம் என்று நினைத்தால் "வருஷத்துக்கு நூறு மூட்டையா? இவனா ஏழை?" என்பார்கள். கடன், மருத்துவம், வீட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும் என்பது எண்ணில் தெரியாது. "அடிமட்டச் சம்பளம்" என்று போட்டுவிட்டு நகருங்கள்.

படத்துக்கு முன் மூன்று நிமிடம் பேசினால் போதும்: காலம் ஜப்பானில் 1868 ஆட்சி மாற்றத்துக்குச் சற்று முன்பு, சாமுராய் என்றால் எப்போதும் போர் வீரன் இல்லை, பலர் கிடங்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள், இடுப்பில் நீளக் கத்தி ஒன்று, குட்டைக் கத்தி ஒன்று. கதையைச் சொல்லாதீர்கள். எழுத்து வாசிக்காத பெரியவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் பாய் விரித்து, ஒருவர் தணிந்த குரலில் வாசிக்கட்டும். ஊமைப்பட காலத்தில் ஜப்பானிலேயே 'பென்ஷி' என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று இதைச் செய்தவர்கள்தான்.

குறிப்பது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. இருவரும் கூட்டத்துக்குப் பக்கவாட்டில், முகம் தெரியும்படி உட்கார வேண்டும். படத்தை முன்பே பார்த்து, காட்சிவாரியாக நேரம் போட்ட தாள் கையில் இருக்கட்டும். குறியீடு சுருக்கமாக: சி (சிரிப்பு), வி (விசில்), உ (உச்), அ (அசையாத அமைதி), போ (போன் வெளிச்சம், எத்தனை), எ (எழுந்தவர்கள்). சத்தம் பதிய ஒரு போனை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, கூட்டத்தின் பின்பாதியில் வையுங்கள். முதல் சட்டகம் வந்ததும் ஒரு கைதட்டு. பிறகு நேரத்தை ஒப்பிட அது உதவும். பதிவு செய்வதை மைக்கில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டீயைப் படம் ஓடும்போது கொடுத்தால் அந்தப் பத்து நிமிடக் குறிப்பும் குப்பை. படத்தில் இடைவேளை இல்லை, நம் கூட்டத்துக்கு வேண்டும். செய்பெய் கட்டையால் சண்டை போடும் காட்சி முடிந்ததும் நிறுத்துங்கள். பேச்சு தானாகக் கிளம்பும்.

எதைக் கவனிப்பது

பெற்ற தாயே செய்பெய்யைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்கிறாள். முதல் முறை 'சி' விழலாம். அடுத்த முறையும் 'சி' தானா, 'உ' ஆகிவிட்டதா? அங்கேதான் கூட்டம் வீட்டுக்குள் நுழைந்ததா என்று தெரியும். எசமான் கிடங்கைப் பார்க்க வந்து, குளிக்காத செய்பெய்யின் நாற்றத்தை உணரும் காட்சியில் சிரிப்பு வந்தால் யார் சிரித்தார்கள் என்று பாருங்கள்: பையன்களா, அவர்கள் அம்மாக்களா.

கட்டைச் சண்டை சுருக்கமானது. பாக்ஸிங் பரம்பரைகள் பேர் போன ஊர் இது. காலைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆள் பின்வரிசையில் கட்டாயம் இருப்பார். அவர் வாய்ச்சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசிச் சண்டை ஒரு வீட்டுக்குள். கொல்லப் போன செய்பெய்யும் கொல்லப்பட வேண்டியவனும் முதலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எதிராளி செத்துப்போன மகளைப் பற்றிச் சொல்கிறான், அவள் எலும்புத் துணுக்கை வாயில் போடுகிறான். இங்கே போன் வெளிச்சத்தை எண்ணுங்கள். வெளிச்சமே இல்லாத அமைதி பிடிப்பு. நாலு வெளிச்சத்தோடு இருக்கும் அமைதி சலிப்பு. பிறகு எதிராளியின் நீளக் கத்தி மேலே உத்திரத்தில் மாட்டிக்கொள்கிறது, செய்பெய் குட்டைக் கத்தியோடு உள்ளே புகுகிறான். விசில் வந்தால் எந்த நொடியில் என்று பார்க்க வேண்டும். கத்தி மாட்டியபோதே வந்தால் சண்டையைப் புரிந்து அடித்த விசில். ஆள் விழுந்த பிறகு வந்தால் பழக்க விசில்.

முடிவில் வயதான மகளின் குரல் ஒலிக்கும்போது நாற்காலி மடக்க ஆரம்பிப்பார்கள். பெயர்ப்பட்டியல் வரும்வரை விளக்கைப் போடாதீர்கள்.

பிறகு கேட்பது

முதலில் கூட்டமாகக் கேட்டால் சத்தமாகப் பேசுபவர் கருத்தே எல்லார் கருத்தும் ஆகிவிடும். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, இரண்டே கேள்வி: "எந்த இடத்துல எழுந்து போலாம்னு தோணுச்சு?", "வீட்டுக்குப் போனதும் யார்கிட்ட எந்த சீனைச் சொல்லுவீங்க?" எழுதாதவர்களிடம் வாய்வழியாகக் கேட்டுக் குறியுங்கள். பெண்கள் அடுப்பு வேலைக்காக முதலில் கிளம்புவார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். "சோகப் படம்க்கா, ஆனா அந்தப் பொண்ணுங்க நல்லா கீதுங்க" என்பதையெல்லாம் நல்ல தமிழில் திருத்தி எழுத வேண்டாம்.

அன்றிரவே தாளையும் ஒலிப்பதிவையும் ஒப்பிடுங்கள். இரண்டு பேர் குறிப்பும் ஒத்துப்போகாத இடங்களைச் சுழியுங்கள். அந்த நேரத்தில் சரக்கு ரயில் போனதா, கரண்ட் மங்கியதா, எழுத்து பிந்தியதா என்று பார்த்து, ஏற்பாட்டுக் கோளாறாக இருந்தால் அடித்துவிடுங்கள். அடிக்காமல் மிஞ்சிய சுழிகளுக்கு, அங்கே உட்கார்ந்திருந்தவர்களை மறுநாள் டீக்கடையில் பிடித்துக் கேட்டால் போதும்.