நோரி நமுத்துப் போவதற்குள்

பொரித்த அப்பளத்தை ரசம் சோற்றின் மேல் வைத்துவிட்டு, வந்த போனைப் பேசி முடித்துவிட்டுத் திரும்பினால் என்ன மிஞ்சும்? சோற்றையும் மீனையும் கடற்பாசித் தாளில் சுருட்டிக் கையில் தரும் ஜப்பானிய பாணிக் கடையான ஹேண்ட் ரோல் பாரில் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ரகம்தான்.

ஜப்பானில் 'டெமாக்கி' என்றால் கையால் சுருட்டியது. வீடுகளில் சோறும் மீனும் நோரி என்ற அந்தக் கடற்பாசித் தாளும் நடுவில் வைத்து அவரவரே சுருட்டிச் சாப்பிடுவார்கள். அதையே முழுநேரத் தொழிலாக்கி, ஒரு கவுன்ட்டர், வரிசையாக ஸ்டூல், ஒன்று தின்று முடித்ததும் அடுத்தது என்ற முறையில் 2014-இல் லாஸ் ஏஞ்சலஸில் கசுநோரி என்ற கடை திறந்தது. அதன் பிறகு இந்த வகைக் கடைகள் பெருகிவிட்டன. கூம்பாகச் சுருட்டாமல் பெரும்பாலும் குழல் போலச் சுருட்டித் தருகிறார்கள்.

முதல் தடவை ஒரு கடைக்குப் போனபோது நான் இரண்டு தப்பு செய்தேன். படம் எடுத்தேன். அப்புறம், பக்கத்தில் இருந்த நண்பருக்கும் வரட்டும் என்று காத்திருந்தேன். எல்லா இலையிலும் பரிமாறாமல் கைவைக்கக் கூடாது என்று வளர்ந்தவன். பந்தி மரியாதை இங்கே எடுபடாது. நண்பருக்கு வருவதற்குள் என் நோரி நமுத்து, பல்லால் பிடித்து இழுக்க வேண்டியதாகி, உள்ளே இருந்த மீன் மறுமுனை வழியாகத் தட்டில் விழுந்தது.

காரணம் எளிது. நோரி என்பது ஈரம் போக வாட்டி எடுத்த கடற்பாசித் தாள். உள்ளே வைக்கும் சோறு வினிகர், சர்க்கரை, உப்பு கலந்தது. நல்ல கடையில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த ஆவி பட்டதும் தாள் இளக ஆரம்பித்துவிடும். அதனால்தான் சமையல்காரர் உங்கள் கையிலோ கைக்கெட்டும் தட்டிலோ நேராக வைக்கிறார். வந்ததும் எடுத்துக் கடியுங்கள். சாப்ஸ்டிக் தேடாதீர்கள், கையால் சாப்பிடுவதற்கு நமக்கா பாடம் எடுக்க வேண்டும்? கத்தி கேட்டு இரண்டாக வெட்டிப் பங்கு போடுவதும் வேண்டாம், நோரி கிழிந்து எல்லாம் உதிரும்.

நோரியைப் பொட்டலத் தாளாக நினைத்து உரித்து ஒதுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் கிடைப்பதே ஒரு காலத்தில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. கோடையில் இந்தப் பாசி எங்கே போய் ஒளிகிறது என்றே தெரியாமல் ஜப்பானிய மீனவர்கள் தவித்தார்கள். கிளிஞ்சல் ஓட்டுக்குள் அது வேறு வடிவில் வாழ்கிறது என்று 1949-இல் சொன்னவர் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற இங்கிலாந்துத் தாவரவியலாளர். ஜப்பானை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னதை வைத்துத்தான் பாசியை நம்பிப் பயிரிட முடிந்தது என்பதால், ஜப்பானின் கியூஷூ தீவில் உட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

சோயா சாஸ் விஷயத்தில் நம் ஆட்கள் சாம்பார் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ரோலை முக்கினால் நோரி அங்கேயே சரணாகதி. திறந்த முனையில், மீனின் மேல், ஒரு சொட்டு போதும். பல கடைகளில் உள்ளேயே சுவை சேர்த்துத்தான் தருகிறார்கள், முதலில் ஒரு கடி சும்மா கடித்துப் பாருங்கள். ஊறவைத்த இஞ்சியை மேலே அடுக்க வேண்டாம், அது ஒரு ரோலுக்கும் அடுத்ததற்கும் இடையில் நாக்கைக் கழுவ. வசாபி என்ற காரமான பச்சை விழுதை சாஸில் கரைப்பது பெரிய பாவம் என்று சிலர் மிரட்டுவார்கள். சாதாரணக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் காரமான வேறொரு கிழங்கில் பச்சை நிறம் ஏற்றியதுதான் என்பதால் நான் அதற்குச் சண்டை போட மாட்டேன்.

தனித்தனியாக ஆர்டர் செய்தால் வெள்ளை மீன், ஸ்காலப் என்ற சிப்பி வகை முதலில். டோரோ, அதாவது சூரை மீனின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி, பிறகு. முதலிலேயே டோரோவை விழுங்கிவிட்டால் அடுத்ததெல்லாம் சப்பென்று இருக்கும்.

சைவர்களுக்கு ஒன்று. வெள்ளரி ரோல் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பொன்சு என்ற புளிப்பு சாஸ் போன்றவற்றில் காய்ந்த மீன் சாறு சேர்ப்பது சகஜம். 'கிராப் ஸ்டிக்' நண்டே இல்லாவிட்டாலும், மீனை அரைத்துச் செய்ததுதான். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஒவ்வாமை இருந்தால் முதல் ரோல் சுருட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எட்டுப் பேராகப் போய்ச் சேர்ந்து உட்கார இடம் கேட்காதீர்கள், கவுன்ட்டரில் இரண்டு மூன்று பேர்தான் பேசிக்கொள்ள முடியும். பார்சல் வேண்டுமென்றால், நோரிக்கும் சோற்றுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பார்சலே வேண்டாம். காலியாகும் வரை காத்திருந்து ஒரு ஸ்டூலைப் பிடியுங்கள்.