ஹாக்கின்டாஷ் லேப்டாப்பில் இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கல்லூரி மாணவர் ஒருவர் இன்டெல், என்விடியா என இரண்டு கிராஃபிக்ஸ் கொண்ட தம் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார். ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக, ஆப்பிளுடையதல்லாத அந்தக் கணினியில் மேக்ஓஎஸ் நிறுவி (இதைத்தான் ஹாக்கின்டாஷ் என்கிறோம்), வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாவற்றையும் சரியாகவே ஓட வைத்திருந்தார். "அண்ணா, சிஸ்டத்துல இன்டெல் மட்டும்தானே காட்டுது, அப்புறம் ஏன் ஃபேன் நிக்காம ஓடுது?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நான் அலைந்திருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு பேட்டரி. புதிதாக வருபவர்கள் அதே இடத்தில் அதே வகையில் சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். கோப்பின் பெயரைத் தவறாகத் தட்டுவது, பென்டிரைவில் மாற்றுப் பிரதி வைக்காமல் இருப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த என்விடியா கார்டை ஏன் அணைக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010-இல் வந்த என்விடியா ஆப்டிமஸ் அமைப்பில் லேப்டாப்பின் திரை இன்டெல் கிராஃபிக்ஸுடன்தான் இணைக்கப்பட்டிருக்கும். என்விடியா கார்டு வரைந்து முடித்த படம் இன்டெல் வழியாகவே திரைக்குப் போகும். இரண்டு கார்டுகள் கொண்ட மேக்புக் ப்ரோக்களிலோ திரையை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் தனிச் சில்லு உண்டு. மேக்ஓஎஸ் அறிந்திருப்பது அந்த முறையை மட்டுமே. ஆகவே ஆப்டிமஸ் லேப்டாப்பில் என்விடியா கார்டால் மேக்ஓஎஸ்ஸில் ஒரு பயனும் இல்லை. மேக்ஸ்வெல், பாஸ்கல் என்ற என்விடியா வகைக் கார்டுகளுக்கு 2017-இன் ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு டிரைவர் நின்றுபோயிற்று. அவற்றுக்கு முந்தைய கெப்ளர் வகையையும் 2021-இல் மான்ட்டெரே பதிப்பு கைவிட்டது. பயன்படாத அந்தக் கார்டு மின்சாரத்தை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும்.

மறைத்ததை அணைத்ததாக நினைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். வாட்எவர்கிரீன் என்ற கெக்ஸ்ட்டுக்கு (மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் போன்ற நீட்சிக்கு) "வெக்-நோ-ஈஜிபியு" என்றொரு பூட் ஆர்கியுமென்ட், அதாவது தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளைச்சொல், உண்டு. அதை ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பில் சேர்த்து மறுதொடக்கம் செய்தால், "இந்த மேக்கைப் பற்றி" என்ற சாளரத்திலிருந்து என்விடியா மறைந்துவிடும், பெரும்பாலானோர் அத்துடன் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் அது செய்வதெல்லாம், எந்த டிரைவரும் பற்றிக்கொள்ளாதபடி கார்டின் அடையாளத்தை மாற்றிவிடுவது மட்டுமே. அது கார்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. பார்த்துக்கொள்ள டிரைவர் இல்லாத கார்டு தன் ஆற்றலைத் தானாகக் குறைத்துக்கொள்வதும் இல்லை என்பதால், கண்ணுக்குத் தெரியாமல் அது முழு விழிப்பில் இருக்கும்.

நானும் இப்படித்தான் ஏறத்தாழ ஐந்து மாதம் ஓட்டினேன். இடதுபுற மணிக்கட்டு படும் இடம் எப்போதும் சுட்டது. பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்ததால், சார்ஜரைக் கழற்றாமலே நாள் முழுவதும் வேலை செய்தேன். ஃபேனில் தூசி என்று எண்ணி இரண்டு முறை பிரித்துத் துடைத்தேன், தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினேன். ஒரு நாள் டச்பேடின் கீழ் விளிம்பு சற்றே தூக்கியிருப்பதைக் கவனித்து, கையிலிருந்த விசிட்டிங் கார்டை அந்த இடுக்கில் செருகிப் பார்த்தேன். பாதிவரை உள்ளே போயிற்று. அடியில் பேட்டரி உப்பியிருந்தது. எந்த வழிகாட்டியிலாவது "மறைத்தபின் அளந்து பாருங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பேட்டரி பிழைத்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

ஆகவே அளந்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, எல்லாச் செயலிகளையும் மூடி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்த பிறகு, டெர்மினலில், சாதனங்களின் விவரங்களைக் காட்டும் ஐஓரெஜ் கட்டளையால் "ஆப்பிள்-ஸ்மார்ட்-பேட்டரி" பகுதியைத் திறந்தால் ஆம்பியரேஜ், வோல்ட்டேஜ் என்ற இரு மதிப்புகளும் கிடைக்கும். பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்போது ஆம்பியரேஜ் எதிர்ம எண்ணாக இருக்க வேண்டும். ஐஓரெஜ் அதை 20 இலக்க எண்ணாகக் காட்டிக் குழப்பும். மாணவரின் லேப்டாப்பில் 18446744073709550006 என்று வந்தது. 18446744073709551616-இலிருந்து (2-இன் 64-ஆம் அடுக்கு) அதைக் கழித்தால் 1610 மில்லி ஆம்பியர். வோல்ட்டேஜ் 11.6 வோல்ட் என்பதால், ஒரு வேலையும் செய்யாத நிலையிலேயே 18 வாட்டுக்கு மேல் செலவாகிக்கொண்டிருந்தது. கார்டை உண்மையிலேயே அணைத்த பிறகு அது 8 வாட் அளவுக்கு இறங்கியது. பத்து நிமிடத்தில் ஃபேனும் அடங்கிவிட்டது.

உண்மையில் அணைப்பதற்கு, லேப்டாப்பின் ஏசிபிஐ அட்டவணைகளில் (வன்பொருளைக் கையாளும் விதத்தை இயங்குதளத்துக்குச் சொல்பவை) அந்தக் கார்டுக்கென எழுதப்பட்டிருக்கும் "ஆஃப்" மெத்தட் என்ற சிறு நிரலை, தொடக்கத்திலேயே இயங்கும் ஒரு சிறு எஸ்எஸ்டிடி (துணை அட்டவணை) மூலம் அழைக்க வேண்டும். அந்த மெத்தட் இல்லாத கணினிகளில் "டிஎஸ்எம்", "பிஎஸ்3" ஆகிய இரண்டு மெத்தடுகளையும் அடுத்தடுத்து அழைக்கும் வழி இருக்கிறது. பூட் ஆர்கியுமென்டைக் கூடவே வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதை இதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

பிறருடைய எஸ்எஸ்டிடியை அப்படியே போடுவது

கார்டின் ஏசிபிஐ பாதை கணினிக்குக் கணினி மாறும். ஒன்றில் "பிசிஐ0, பிஇஜி0, பிஇஜிபி" என்றிருக்கும், இன்னொன்றில் "பிசிஐ0, ஆர்பி05, பிஎக்ஸ்எஸ்எக்ஸ்" என்றிருக்கும். மாதிரிக் கோப்புகள் பலவற்றில், அந்தப் பாதையில் மெத்தட் இருந்தால் மட்டும் அழை என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. பாதை தவறானால் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு ஏற்றப்பட்டுவிடும், கார்டும் இயங்கிக்கொண்டே இருக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் என்விடியா கார்டைத் திறந்து, டீட்டெயில்ஸ் பகுதியில் "பயாஸ் டிவைஸ் நேம்" என்பதைப் பார்த்தால் உங்கள் கணினிக்குரிய பாதை தெரிந்துவிடும்.

டிஎஸ்டிடி என்ற முதன்மை அட்டவணையில் மட்டும் தேடிவிட்டு "என் லேப்டாப்பில் ஆஃப் மெத்தடே இல்லை" என்று முடிவுகட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் தனியான எஸ்எஸ்டிடி ஒன்றில்தான் இருக்கும். எல்லா அட்டவணைகளையும் எடுத்து, அனைத்தையும் சேர்த்தே படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்றித் தேடுங்கள். கிடைத்த மெத்தடை வரி வரியாகப் படிப்பதும் அவசியம்: அதற்குள் எம்பெடெட் கன்ட்ரோலரை (ஃபேன், பேட்டரி போன்றவற்றைக் கவனிக்கும் சில்லு) தொடும் வரிகள் இருந்தால், கன்ட்ரோலர் தயாராவதற்கு முன்பே அவை இயங்க முயன்று, பூட் பாதியில் உறைந்துவிடக்கூடும். அந்த வரிகளை மட்டும் பிரித்து, கன்ட்ரோலர் தயாரானதும் இயங்கும் அதன் "ரெஜ்" மெத்தடுக்கு மாற்ற வேண்டும்.

டார்வின் நிபந்தனையை விட்டுவிடுவது

ஓப்பன்கோருக்கு முந்தைய பூட்லோடரான க்ளோவர் தன் ஏசிபிஐ மாற்றங்களை மேக்ஓஎஸ்ஸுக்கு மட்டும் கொடுத்துவந்தது. ஓப்பன்கோர் தான் தொடங்கிவைக்கும் எல்லா இயங்குதளங்களுக்கும் கொடுக்கிறது. இயங்குதளம் டார்வினா (மேக்ஓஎஸ்ஸின் அடித்தளம்) என்று சோதிக்கும் வரி உங்கள் எஸ்எஸ்டிடியில் இல்லையென்றால், விண்டோஸிலும் கார்டு அணைந்துவிடும். நண்பர் ஒருவர் விண்டோஸில் கார்டைக் காணாமல், மதர்போர்டே போய்விட்டதென்று எண்ணிச் சர்வீஸ் சென்டர் வாசல் வரை போய்விட்டார்.

பயாஸைத் திறந்து பார்க்காமல் தொடங்குவது

சில திங்க்பேட் மாடல்களின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை), இன்டெல்லை மட்டும் இயக்கும் "இன்டெகிரேட்டட்" என்ற ஒரே தேர்வில் எல்லாம் முடிந்துவிடும்.

எச்டிஎம்ஐ எந்தக் கார்டிலிருந்து வருகிறது என்று பார்க்காதது

என்விடியாவிலிருந்து வந்தால், அணைத்த பிறகு மேக்ஓஎஸ்ஸில் அந்தத் துளை வேலை செய்யாது.

சிஸ்டத்திலிருக்கும் என்விடியா டிரைவர்களை நீக்குவது

செய்யாதீர்கள். 2020-இன் பிக் சர் முதல் சிஸ்டம் வால்யூம் முத்திரையிடப்பட்டது. அந்த முத்திரையை உடைப்பதால் கார்டுக்குப் போகும் மின்சாரம் ஒரு மில்லிவாட் கூடக் குறையாது.

தூங்கி எழுந்த பிறகு அளக்காதது

தொடக்கத்தில் கார்டு அணைந்துவிட்டதாலேயே அது அணைந்தபடி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்லீப்பிலிருந்து எழும்போது ஃபர்ம்வேர் கார்டை மறுபடி எழுப்பிவிடக்கூடும். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை இயங்கிய எஸ்எஸ்டிடிக்கு அது தெரியவே தெரியாது. சில லேப்டாப்களிலோ, கார்டு அணைந்த நிலையிலேயே ஸ்லீப்புக்கோ ஷட் டவுனுக்கோ போனால், கணினி பாதியில் சிக்கிக்கொள்ளும். உறங்கப்போகும் முன் இயங்கும் "பிடிஎஸ்" மெத்தடில் கார்டை எழுப்பி, விழித்ததும் இயங்கும் "வேக்" மெத்தடில் மீண்டும் அணைக்கும்படி எழுதிவிட்டால் இரண்டு சிக்கல்களும் தீரும்.

மாணவரின் லேப்டாப்பிலும் இப்படித்தான் ஆயிற்று. மாலையில் 8 வாட்டுக்கு இறங்கிய கணினியை இரவு மூடிவைத்து, காலையில் திறந்து அளந்தபோது மறுபடி 18 வாட் காட்டியது. அந்த இரண்டு மெத்தடுகளையும் சேர்த்த பிறகு, மூடித் திறந்து மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் 700 மில்லி ஆம்பியரைத் தாண்டவில்லை.