காகில்ஸ் மாட்டும் முன்பே திரும்பும் வழி

எஃப்.பி.வி. ட்ரோன் என்பது, காகில்ஸ் என்ற திரைக்கண்ணாடியை மாட்டி, ட்ரோனின் கேமரா அனுப்பும் படத்தைப் பார்த்தே ஓட்டுவது. கணினி சிமுலேட்டரில் அதை இருபது மணி நேரம் ஓட்டியவரையும் வெட்டவெளியில் முதல் பேட்டரி தடுமாற வைக்கும். கை பழகியிருக்கும், காற்று, பேட்டரி, சிக்னல் மூன்றும் பழகியிருக்காது. அவை காலை வாருவது போகும்போது அல்ல, திரும்பும்போது.

முதலில் இடம். பெங்களூரில் தேவனஹள்ளி, எலஹங்கா, ஜக்கூர், எச்.ஏ.எல். என்று வடக்கிலும் கிழக்கிலும் ஓடுதளங்கள். மொட்டைமாடியும் அல்சூர் ஏரிக்கரையும் சரிப்படாது. ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தை ஊருக்கு வெளியே தேடுங்கள். பச்சையிலும் 400 அடிதான் வரம்பு. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி.

காகில்ஸ் மாட்டியவருக்கு வானம் தெரியாது. பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஊரில் பருந்துக்குப் பஞ்சமில்லை. வட்டமடிப்பது சட்டென்று கீழே சாய்ந்தால் அவர் குரல் கொடுக்க, நீங்கள் இறக்கிவிடலாம்.

ஆர்ம் செய்ததுமே, அதாவது மோட்டாரைச் சுற்றவிட்டதுமே, ட்ரோன் குட்டிக்கரணம் போட்டால், அநேகமாக ப்ராப் எனும் சுழலும் இறக்கை இடம் மாறியிருக்கும். இறக்கையின் உயர்ந்த விளிம்பு, மோட்டார் சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும். வீடியோ ஆன்டெனாவை மாட்டாமல் பேட்டரியைச் செருகினால் டிரான்ஸ்மிட்டர் கருகிவிடலாம்.

பேட்டரிதான் பெரிய பாடம். நான்கு செல் கொண்ட 4எஸ் பேட்டரி நிறைந்திருக்கையில் 16.8 வோல்ட். மோட்டார் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்க ஏற்றினால் வோல்ட் அளவு சட்டென்று விழும், விட்டால் மறுபடி ஏறும். அந்த ஏற்றத்தை நம்பி "இன்னும் ஒரு சுற்று" என்பவர்தான் வயலில் ட்ரோன் தேடுவார். மிதமான த்ராட்டிலில் 14.8 காட்டினால் திரும்புங்கள், 14.0-க்குள் தரையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பறக்காத பேட்டரியை நிறைத்தே வைக்காதீர்கள், 15.2 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள்.

ஜூன், ஜூலை பிற்பகல்களில் இங்கே காற்று பலமாக வீசும். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். வரும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். தலைகீழாகச் செய்தால் போன தூரத்துக்கு இருமடங்கு பேட்டரி கேட்கலாம். கேமராவின் மேல்நோக்கிய சாய்வு 15 முதல் 20 டிகிரி போதும். 35 வைத்தால் அடிவானம் கண்ணில் நேராக நிற்பதற்கே ட்ரோன் பாய்ந்தாக வேண்டும்.

வீடியோ வரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை அடர்ந்த மரங்களைத் தாண்டித் திணறும். தைலமரத் தோப்புக்குப் பின்னால் போனதும் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பயத்தில் த்ராட்டிலைக் குறைப்பதுதான் தப்பு: கீழே இறங்க இறங்க சிக்னல் இன்னும் மோசமாகும். முதலில் உயருங்கள், பிறகு திரும்புங்கள். சிக்னல் போனால் ட்ரோனைத் தானே திருப்பிக் கொண்டுவரும் ஜி.பி.எஸ். ரெஸ்க்யூ இருந்தால் 8 செயற்கைக்கோள்கள் கிடைத்த பிறகே ஆர்ம் செய்யுங்கள். அது திரும்பி வர வேண்டிய வீட்டுப்புள்ளி அந்த நொடியில்தான் பதிவாகும். ட்ரோனை இயக்கும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் நீங்கள் மாற்றாதவரை, சிக்னல் அறுந்தால் நடக்கும் ஃபெயில்சேஃப் என்பது மோட்டாரை நிறுத்திக் கீழே போடுவதுதான்.

விழுந்தால் உடனே டிஸ்ஆர்ம். புல்லில் சிக்கிய ப்ராப்பை மோட்டார் இழுத்துக்கொண்டே இருந்தால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. கருகும். பிறகு பீப்பரை ஒலிக்க விடுங்கள். காகில்ஸ் பதிவின் கடைசிச் சில நொடிகளை மெதுவாக ஓட்டி, எந்த மரம், எந்த வரப்பு என்று பாருங்கள். கிடைத்ததும் பேட்டரியைக் கழற்றிக் காய்ந்த புல்லில் வைக்காமல், வெறும் மண்ணில் கால் மணி நேரம் விட்டுவையுங்கள். உப்பியிருந்தால் சார்ஜரில் மறுபடி போடாதீர்கள்.