ஓவர்கரன்ட் ரிலே சோதனையில் கவனிக்க வேண்டியவை

வருடாந்திர ஷட்டவுனில் மெயின் சுவிட்ச்போர்டின் ஓவர்கரன்ட் ரிலேவை, அதாவது கரன்ட் அளவு மீறினால் பிரேக்கரைத் திறக்க வைக்கும் கருவியை, சோதிக்கும் முன், சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை டெஸ்ட் டெர்மினலில் முதலில் ஷார்ட் செய்யுங்கள். பிறகுதான் ரிலேவுக்குப் போகும் லிங்கைத் திறக்க வேண்டும். வரிசை மாறி, பிரைமரியில் கரன்ட் ஓடிக்கொண்டிருந்தால், திறந்த முனையில் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் ஏறும். சிங்கப்பூரில் இது உரிமம் பெற்ற மின்பணியாளரின் பொறுப்பில் நடக்கும் வேலை. தனியாக இறங்காதீர்கள்.

செட்டிங் 5 ஆம்பியர், டைம் மல்டிப்ளையர் (டிரிப் நேரத்தைப் பெருக்கும் எண்) 0.1, ஸ்டாண்டர்ட் இன்வெர்ஸ் வளைவு (கரன்ட் கூடக்கூட டிரிப் நேரம் குறையும்) என்றால், 10 ஆம்பியர் செலுத்தும்போது சுமார் 1 விநாடியிலும், 25 ஆம்பியரில் சுமார் 0.43 விநாடியிலும் டிரிப் ஆக வேண்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: ஒரே ஃபேஸில் கரன்ட் செலுத்தினால் அது ரெசிடுவல் கரன்டாகவும் (மூன்று ஃபேஸ் கரன்டுகளின் கூட்டு) தெரியும், தரைக்குப் போகும் கரன்டைக் கண்காணிக்கும் எர்த் ஃபால்ட் பகுதி முந்திக்கொண்டு டிரிப் கொடுத்துவிடும். நேரம் குறைவாக வந்தால் ரிலேவைக் குறை சொல்லாதீர்கள். ஒரு ஃபேஸில் செலுத்தி இன்னொன்றின் வழியே திரும்ப எடுத்தால் ரெசிடுவல் பூஜ்யமாகும். அல்லது எர்த் ஃபால்ட்டைத் தற்காலிகமாக முடக்கலாம். முடக்கியதை மறுபடி இயக்க மறப்பவர்கள் ஏராளம். பேனல் கதவிலேயே சீட்டு ஒட்டிவிடுங்கள்.

ரிலேவின் எல்இடி எரிந்தால் மட்டும் போதாது, பிரேக்கர் நிஜமாகத் திறக்க வேண்டும். டிரிப்புக்கு மின்சாரம் தரும் பேட்டரியின் சார்ஜரை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் ஒருமுறை டிரிப் செய்து பாருங்கள். மெகர் (இன்சுலேஷன் சோதனை) போடுவதானால் எலக்ட்ரானிக் ரிலேவைக் கழற்றிய பிறகே.