ஓவனைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவன் சுவரில் கருகி ஒட்டியிருப்பது வெறும் எண்ணெய் அல்ல. கொழுப்பு திரும்பத் திரும்பச் சூடாகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் போல இறுகிவிடுகின்றன. பாத்திரம் தேய்க்கும் திரவம் இதனிடம் தோற்றுப்போவது அதனால்தான். காரத்தன்மையுள்ள ஒன்று வெகுநேரம் மேலே ஊறினால் மட்டுமே இந்தப் படிவு இளகும். அந்த நேரத்தைக் குறைக்கப் பார்ப்பதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

அதிகம் பேர் செய்வது, பேக்கிங் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது. குபுகுபுவென்று பொங்குவதைப் பார்த்தால் அழுக்கு கரைகிறது என்றே தோன்றும். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. கரியமில வாயு வெளியேறிவிடும், சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர் மிஞ்சும், பிசுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். அரை கப் சோடாவில் 3 அல்லது 4 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, பூசினால் வழியாத பதத்தில் குழையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஓவன் முழுக்க ஆறிய பிறகு எனாமல் பூச்சுள்ள சுவர்களிலும் அடித்தளத்திலும் தடவி, 10 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுநாள் வெள்ளைப் பசை ஆங்காங்கே பழுப்பேறியிருக்கும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வழித்தெடுத்து ஈரத்துணியால் துடையுங்கள். அப்போதும் மெல்லிய வெண்படலம் ஒன்று தங்கும். வினிகருக்கு வேலை இப்போதுதான். சம அளவு தண்ணீர் சேர்த்துத் தெளித்தால், சோடா மிச்சமுள்ள இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். நுரை நிற்கும்வரை துடைத்தால் போதும்.

கண்ட இடத்திலெல்லாம் பசையைத் தடவுவது அடுத்த தவறு. ஹீட்டிங் கம்பிகள், காற்றாடியின் வலை, காஸ் துளைகள், விளக்கு ஆகியவற்றில் பசை படவே கூடாது. பின்சுவரிலோ மேலேயோ பென்சிலைவிட மெல்லிய உலோகக் குச்சி ஒன்று கிளிப்பில் மாட்டியிருக்கும். வெப்பத்தை அளப்பது அதுதான். தேய்க்கும் வேகத்தில் அது வளைந்தாலோ கிளிப்பிலிருந்து நழுவினாலோ, நீங்கள் 180 டிகிரி வைத்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கும். காஸ் ஓவன் என்றால் வேலை தொடங்குமுன் குழாய் வால்வையும் மூடிவிடுங்கள்.

அவசரத்துக்குக் கடுமையான ஓவன் கிளீனரை வாங்குகிறவர்கள் அதன் லேபிளைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அதில் இருப்பது காஸ்டிக் சோடா. தோலையும் கண்ணையும் சுட்டுவிடும், அலுமினியத்தை அரிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். சூடான ஓவனில் தெளிக்காதீர்கள். ஒன்றை மட்டும் எந்நாளும் செய்யாதீர்கள்: குளோரின் ப்ளீச்சை வினிகரோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ சேர்ப்பது. முதல் கலவையில் குளோரின் வாயுவும் இரண்டாவதில் குளோரமைன் வாயுவும் கிளம்பும். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கும்.

எல்லா ஓவனுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. உள்சுவர் தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் அது கொழுப்பைச் சூட்டிலேயே எரித்துவிடும் பூச்சாக இருக்கலாம். பசை அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்கள் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுபவை. அவற்றில் கம்பித் தட்டுகளை எடுக்காமல், வழிந்து கிடக்கும் கொழுப்பைத் துடைக்காமல் பொத்தானை அழுத்தினால் புகை மண்டும், தீயும் பிடிக்கலாம். வீட்டில் பறவை வளர்த்தால் அந்த நேரத்தில் வேறிடத்தில் வையுங்கள். அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடக்கூடும். மேசைமேல் வைக்கும் ஓடிஜியின் உள்தகடு பெரும்பாலும் மெல்லிய உலோகப் பூச்சு மட்டுமே கொண்டது. கம்பி நாரால் தேய்த்தால் பூச்சு போய்த் துருவேறும். அதற்குச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியே நல்லது.

கதவின் கண்ணாடியையும் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் பின்னொரு நாள் சூட்டில் விரிசலாகி, கதவே சிதற இடம் கொடுக்கும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் தெளிப்பதும் அதே ஆபத்து. கதவைச் சுற்றியுள்ள பட்டையை லேசாகத் துடைத்தால் போதும். அது நைந்தால் சூடு வெளியேறி, மின்கட்டணம்தான் கூடும்.

கம்பித் தட்டுகளை வெளியே எடுத்து, சுடுநீரில் அரை கப் சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திர திரவமும் கலந்து 4 மணி நேரம் ஊறவிடுங்கள். அலுமினியத் தட்டுகளை அதில் போட்டால் கறுத்துவிடும்.

இனி அழுக்காகக் கூடாது என்று அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம். சூட்டில் எனாமலோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. காஸ் ஓவனில் காற்றோட்டத் துளைகளையும் அடைக்கும். வழியக்கூடியதை வைக்கும்போது கீழ்த்தட்டில் ஒரு ட்ரே வைத்தால் போதும்.

எல்லாம் உலர்ந்த பிறகு, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெறும் ஓவனை 100 டிகிரியில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். புகையோ காரநெடியோ வந்தால் உள்ளே ஏதோ மிச்சமிருக்கிறது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஈரத்துணியால் துடையுங்கள்.