ஸ்தோத்திரம் சொல்ல 136-ம் சங்கீதம் உதவியது

குடும்ப ஜெபத்தில் "இம்மட்டும் காத்தீரே, ஸ்தோத்திரம்" என்று ஆரம்பிப்பேன். அடுத்த மூச்சிலேயே விண்ணப்பப் பட்டியல் வந்துவிடும். எதற்கு ஸ்தோத்திரம் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இதைச் சரிசெய்யக் கைகொடுத்தது பைபிளிலுள்ள துதிப் பாடல்களில் ஒன்றான 136-ம் சங்கீதம். 26 வசனங்கள், எல்லாமே "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றுதான் முடியும். வேகமாக வாசித்தால் சலிப்புதான் தட்டும். ஒவ்வொரு வசனத்தின் முன்பாதியையும் கவனித்தால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி சொல்கிறது: சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம், கர்த்தர் வீழ்த்திய எமோரியரின் ராஜா சீகோன், பாசானின் ராஜா ஓக். அப்புறம் 25-ம் வசனத்தில் சட்டென்று சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறது!

நானும் அப்படியே செய்தேன். படுக்கும் முன் ஒரு நோட்டில் அன்றைய காரியங்களை முன்பாதியாக எழுதுவேன்: "அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது", "பக்கத்து வீட்டு அக்கா மீன் குழம்பு கொடுத்தார்கள்." பின்பாதியை வாய்விட்டுச் சொல்வேன். நேற்று எழுதியதை இன்று எழுதக் கூடாது. இந்த விதிதான் கண்ணைத் திறந்தது.

மனம் கசந்த நாட்களில் நோட்டை மூடிவிட்டு 13-ம் சங்கீதம். "எதுவரைக்கும்" என்று முறையிட்டுத் தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடும். எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. வந்தவரை போதும் என்று படுத்துவிடுவேன்.